ஏன் எப்போதும் டொரோதியா?

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். சென்ற வாரம் தொலைபேசியில் நீ, விக்டோரியா காலத்து ஆங்கில நாவலாசிரியர்களின் புகழ் நிலைத்ததே பேரரசும் பாடத்திட்டமும் கொடுத்த முட்டால்தான் என்று சொல்லி, அத்தனை பேரையும் ஒரே மூச்சில் தள்ளுபடி செய்தபோது நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் அல்ல. முப்பத்தோரு ஆண்டுகள் அவர்களைப் பாடமாக நடத்திச் சம்பளம் வாங்கியவன் அந்த நேரத்தில் வாய் திறந்தால், அது பிழைப்புக்காக வாதாடுவதுபோல் ஆகிவிடுமே என்ற கூச்சம்தான் காரணம். அதனால் எழுதுகிறேன்.

டிக்கன்ஸ் வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால்தான் வளவளவென்று எழுதினார் என்றாய். அது வெறும் கதை. அவருடைய பெரிய நாவல்களில் பல, மாதம் ஒரு பகுதியாக, 32 பக்கங்களும் இரண்டு படங்களுமாக, ஒரு ஷில்லிங் விலையில் வெளிவந்தன; அவருக்குப் பணம் பகுதிக்குத்தான், சொல்லுக்கு அல்ல. ஆனால் அந்த 32 பக்கங்களை நிரப்பியே ஆக வேண்டும், கதையைப் பத்தொன்பது மாதம் ஓட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால், உன் குற்றச்சாட்டின் பாதி பிழைத்துக்கொள்கிறது. வாரப் பத்திரிகை வரும் நாளில் கடை வாசலில் முதல் ஆளாக நின்ற உன் ஆச்சி இருந்திருந்தால், ‘தொடரும்’ என்ற ஒரு சொல் ஒரு கதையை எப்படித் தூக்கி நிறுத்தும், எப்படிக் கெடுக்கும் என்று என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்.

அக்கால நாவல்களின் நீளத்துக்கு இன்னொரு காரணம், மூடி (Mudie) என்பவர் நடத்திய வாடகை நூலகம். மூன்று தொகுதிகளாக வந்த ஒரு நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். நடுத்தரக் குடும்பத்துக்கே அது எட்டாத விலை என்பதால், ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சந்தா கட்டி ஒரு நேரத்தில் ஒரு தொகுதியாக இரவல் வாங்கிப் படித்தார்கள். ஒரே நாவலை மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் கொடுக்க முடிந்ததால் நூலகத்துக்கும் அது வசதியாக இருந்தது. 1894இல் நூலகங்கள் இந்த ஏற்பாட்டிலிருந்து விலகியவுடன் மூன்று தொகுதி நாவல் என்ற வடிவமே சில ஆண்டுகளில் அழிந்துபோனது. ஆகவே, அந்த நாவல்களில் காணும் இழுவையில் ஒரு பகுதி கலையல்ல, வியாபாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பேரரசு அவர்களை நம் தலையில் கட்டியது என்ற உன் இரண்டாவது வாதத்துக்கு என்னிடம் மறுப்பே இல்லை. தாமிரபரணியைத் தவிர வேறு ஆற்றை அறியாத நான், நான்-டீடெயில் பாடமாக வந்த ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ சுருக்கத்தில் தேம்ஸ் நதியின் படகுகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன். 1857 கிளர்ச்சிச் செய்திகளைக் கேட்ட டிக்கன்ஸ், தான் இந்தியாவில் படைத்தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்று அதே ஆண்டு அக்டோபரில் ஒரு சீமாட்டிக்குக் கடிதம் எழுதினார். அனாதைச் சிறுவர்களுக்காக நம்மை அழவைத்த அதே கை எழுதியது அது. இதை அறிந்த பிறகும் நான் வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது தவறு.

ஆனால் நிலைத்த புகழ் என்று நீ சொல்வது உண்மையில் நிலையாக நின்றதே இல்லை. புல்வர் லிட்டன் என்ற நாவலாசிரியர் தன் காலத்தில் டிக்கன்ஸுக்கு நிகராகக் கொண்டாடப்பட்டவர். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் முடிவை மாற்றச் சொல்லி டிக்கன்ஸையே இணங்கவைத்த அளவுக்குச் செல்வாக்குள்ளவர். (நாயகன் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் தெருவில் தற்செயலாகச் சந்தித்துப் பிரியும் பழைய முடிவே எனக்குப் பிடிக்கும்; அந்த மாற்றத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) பின்னாளில் லிட்டன் பெயரில் நடந்தது மிக மோசமான தொடக்க வாக்கியத்துக்கான ஒரு போட்டி. டிரோலோப் என்ற இன்னொரு நாவலாசிரியர், கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதியதாகத் தன்வரலாற்றில் எழுதி வைத்திருந்தார். இறந்த மறு ஆண்டு, 1883இல், அது அச்சானபோது, கலைஞன் என்று நம்பியிருந்தவர் குமாஸ்தாவாகத் தெரிந்தார். லீவிஸ் என்ற விமர்சகர் 1948இல் ஆங்கில நாவலின் பெருமரபிலிருந்து ஒரே ஒரு நாவல் நீங்கலாக டிக்கன்ஸை வெளியே நிறுத்தினார். 1970இல் தம் மனைவியுடன் சேர்ந்து அவரைப் போற்றி ஒரு முழு நூலே எழுதினார். பாடத்திட்டத்தின் முட்டு மட்டுமே போதும் என்றால் இத்தனை ஏற்ற இறக்கங்கள் எதற்கு?

ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் எழுதிய மேரி ஆன் எவான்ஸும் 1880இல் இறந்தபின் நெடுங்காலம் மதிப்பிழந்து கிடந்தார். அவருடைய ‘மிடில்மார்ச்’, வளர்ந்தவர்களுக்காக எழுதப்பட்ட மிகச் சில ஆங்கில நாவல்களுள் ஒன்று என்று 1919இல் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் எழுதினார். இருபது வயதில் அந்த வாக்கியத்தைப் படித்தபோது நானும் வளர்ந்தவன் என்றே எண்ணிக்கொண்டேன். அந்த நாவலில் வரும் வயதான அறிஞர் கஸாபனைப் பார்த்துச் சிரித்தேன். உலகத்துத் தொன்மங்கள் அனைத்துக்கும் ஒரே திறவுகோல் கண்டுபிடிக்கப் போவதாகக் குறிப்புகளாகச் சேர்த்துக்கொண்டே போகும், ஜெர்மன் ஆய்வாளர்களைப் படிக்காததால் தன் உழைப்பு ஏற்கெனவே வீண் என்பதை அறியாத, அந்த வறண்ட மனிதரை யார்தான் சிரிக்காமல் படிப்பார்கள்? இளம் மனைவி டொரோதியா பக்கம்தானே நாம் எல்லோரும்?

இருபத்தொன்பதாம் அத்தியாயத்தின் முதல் வாக்கியம் டொரோதியாவின் பெயரை எட்டியதுமே பாதியில் நின்றுவிடுகிறது. ஏன் எப்போதும் டொரோதியா, இந்தத் திருமணத்தில் அவளுடைய பார்வை மட்டும்தான் உண்டா என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் கஸாபனுக்குள் நுழைகிறார். சிரித்துக்கொண்டிருந்த நம்மைக் கையும் களவுமாகப் பிடிக்கும் இடம் அது. இருபது வயதில் அதை ஒரு நடை உத்தி என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். சென்ற ஆண்டு, அறுபத்து மூன்றாவது வயதில், மறுபடி படித்தேன். பரணில் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கும் என் ஆய்வுச் சீட்டுகளை நீ சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறாய். அது எப்போது புத்தகமாகும் என்று அம்மா கேட்பதை நிறுத்தியே பல வருடமாகிறது. அவள் ஏன் நிறுத்தினாள் என்று நான் யோசித்ததில்லை, அந்தப் பக்கத்தைப் படிக்கும்வரை.

நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தில், இதய நோய் எந்நேரமும் தன்னைக் கொல்லக்கூடும் என்று மருத்துவர் வாயால் கேட்ட கஸாபன், ஆறுதலாகக் கையைக் கோத்துக்கொள்ள வரும் மனைவியிடம் இறுகி நிற்கிறார். அவள் அறைக்குள் போய்க் கோபத்தில் கொதிக்கிறாள். பிறகு இரவில் வெளியே வந்து இருட்டில் காத்து நிற்கிறாள். மெழுகுவர்த்தியுடன் படியேறி வரும் அவர், நீ இளையவள், இப்படிக் கண்விழித்து உன் வாழ்நாளை நீட்டிக்கொள்ளத் தேவையில்லை என்கிறார். அவள் தன் கையை அவர் கைக்குள் வைக்கிறாள்; இருவரும் நடைவழியில் சேர்ந்து போகிறார்கள். அவ்வளவுதான். சமாதானம் என்று எங்கும் எழுதவில்லை, மறுநாள் எதுவும் மாறவும் இல்லை. எந்தப் பேரரசும் எந்தப் பாடத்திட்டமும் இந்தப் பக்கத்தை எனக்காக எழுதித் தந்திருக்க முடியாது.

எனவே என் கணக்கு இது: எலியட்டுக்கு முழுத் தகுதி, டிக்கன்ஸுக்குப் பாதி, அந்தப் பாதிக்கு ஈடில்லை, டிரோலோப்புக்கு இன்னும் கொஞ்சம் கூட்டித் தரலாம். தாக்கரேயைத் தள்ளுபடி செய்த விஷயத்தில் நீ சொன்னதே சரி. அவருடைய ‘வேனிட்டி ஃபேர்’ நாவலைப் பத்து முறையாவது வகுப்பில் நடத்தியிருக்கிறேன்; அதன் நாயகி பெக்கி ஷார்ப் மேடையில் இல்லாத பக்கங்களில் ஒருமுறைகூட மனம் ஒன்றியதில்லை.

‘மிடில்மார்ச்’ பழைய பிரதியை அம்மா உனக்கு அனுப்பும் முறுக்கு டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஓரங்களில் உள்ள பென்சில் குறிப்புகளைப் பொருட்படுத்தாதே.

அன்புடன்,
அப்பா