லாக் பிளேட்டில் கை வைக்காதே, தம்பி

கும்பகோணம்
ஐப்பசி 9

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நாலு நாளாக விடாத மழை. அரசலாறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. நட்ட வயலில் தண்ணி வடியவில்லையென்று அத்தை வீட்டில் கவலையாக இருக்கிறார்கள். மருமகளுக்குச் சளி விட்டதா?

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பது வருஷம் பட்டறையில் அடுத்தவர் வண்டியின் நசுங்கலைத் தட்டி எடுத்த எனக்கு, என் பிள்ளை ஒரு அம்பாசடர் வாங்கியிருக்கிறான் என்றதும் ராத்திரி தூக்கமே வரவில்லை. 2014-இல் கல்கத்தா பக்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றபோது பட்டறையில் நாங்கள் மூணு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அதையெல்லாம் நேரில் சொல்கிறேன். இப்போது அவசரமான ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

டிரைவர் பக்கத்து முன்கதவு அடித்துச் சாத்தினால்தான் பூட்டுகிறது, கதவுத் தூணான பில்லரில் லாக் வந்து மாட்டும் லாக் பிளேட்டைக் கீழே இறக்கிவிட்டு அடுத்த வாரம் பெயின்ட்டுக்கு விடலாம் என்று அங்கே பட்டறையில் சொன்னதாகச் சொன்னாய். வேண்டாம் தம்பி. லாக் பிளேட்டில் யாரையும் கை வைக்க விடாதே.

உன் போட்டோவிலேயே விஷயம் தெரிகிறது. முன்கதவின் பின்முனை, மேலே பின்கதவோடு ஒட்டி நிற்கிறது. கீழே வாய் பிளந்திருக்கிறது. மட்கார்டு பக்கம் அதற்கு நேர்மாறு: மேலே அகலம், கீழே நெருக்கம். கதவின் இடுப்புக் கோடும் பின்கதவின் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. கதவு தொங்கிப்போய்விட்டது என்று அர்த்தம். லாக் பிளேட்டை இறக்கினால், தொங்கிய கதவு தொங்கினபடியே பூட்டும், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் இன்னும் இறங்கும்.

இன்றைக்கே ஒரு காரியம் செய். கதவைப் பாதி திற. பின்முனையை அடியில் இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் தூக்கு. கண் கீலில் இருக்கட்டும், மருமகளை டார்ச் பிடிக்கச் சொல். கீலுக்குள் இருக்கும் ஆணி ஆடினால் ஆணியை மாற்ற வேண்டும், சின்ன வேலை. ஆணி ஆடாமல் கீலோடு சேர்ந்து பில்லர் தகடே அசைந்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது. அம்பாசடருக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் சேஸிஸ். கதவுக்கு அடியில், கால் வைத்து ஏறும் படித்தகடு உளுத்துப்போனால் கதவு உட்காரும் சட்டமே கோணிவிடும். அதனால்தான் வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு கேப், அதாவது கதவைச் சுற்றியுள்ள இடைவெளி, பார்க்கக் கூடாது என்பேன். நாலு டயரிலும் சரியாகக் காற்று இருக்கணும், தரை மட்டமாக இருக்கணும்.

கஜா புயலுக்குப் பிறகு, 2018 கார்த்திகையில், வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு அம்பாசடர் வந்தது. தலையில் தென்னை மரம் விழுந்த வண்டி. கூரையைத் தட்டி எடுத்துவிட்டோம், இடது முன்கதவு மட்டும் எப்படி வைத்தாலும் உட்காரவில்லை. ரெண்டு நாள் கீலோடு மல்லுக்கட்டினேன். மூணாம் நாள்தான் புத்தி வந்து, ஒரு கயிற்றை எடுத்துக் கதவு வாசலை மூலைக்கு மூலை அளந்தேன். வலது வாசலுக்கும் இடது வாசலுக்கும் 12 மில்லி வித்தியாசம்! பில்லர் சாய்ந்திருந்தது. மரக்கட்டை கொடுத்து ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிமிர்த்திய பிறகு, கதவு தானாகவே வந்து உட்கார்ந்தது. உன் வண்டியிலும் முதலில் அளந்துவிடு.

அளவு சரியாக இருந்தால், வேலை பின்னாலிருந்து முன்னால் வரணும். பின்கதவு உட்காரும் சட்டம் பாடியோடு பாடி, அதை நகர்த்த முடியாது. எனவே முதலில் பின்கதவை அந்தச் சட்டத்துக்குச் சரி செய். அதைப் பார்த்து முன்கதவு. முன்கதவைப் பார்த்து மட்கார்டு. ரெண்டு மட்கார்டையும் பார்த்துக் கடைசியாகப் பானட். மட்கார்டு போல்ட்டில் முடுக்கும் இடத்தில் வாஷர் கொடுத்துத் தள்ளலாம், இழுக்கலாம். அது தெரிந்துதான் முன்னாலிருந்து ஆரம்பிக்கிறார்கள், கடைசியில் பின்கதவில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

கதவில் கண்ணாடி, லாக், கண்ணாடி ஏற்றி இறக்கும் வைண்டர் எல்லாம் மாட்டியிருக்கட்டும். வெறுங்கதவில் கேப் பார்த்தால், கண்ணாடி ஏறியதும் எடையில் இறங்கும். ரப்பர் பீடிங்கைக் கழற்றிவிடு. புது ரப்பர் கதவை வெளியே தள்ளிப் பொய்க்கணக்கு காட்டும். லாக் பிளேட்டை இறக்கத்தான் வேண்டாம் என்றேன்; கேப் பார்க்கும்போது மட்டும் அதையும் கழற்றி வை. கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள். ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் தளர்த்தணும், கதவுக்கு அடியில் துணி சுற்றிய பலகை, அதன் கீழே ஜாக்கி. மேல்கீலை ஒரு மில்லி முன்னால் கொண்டுபோனால் பின்முனை ரெண்டு, ரெண்டரை மில்லி ஏறிவிடும். அதனால் மயிரிழை மயிரிழையாகத்தான் நகர்த்தணும்.

கேப் பார்க்க ஸ்கேல் வேண்டாம். 5 மில்லி டிரில் பிட்டின் மழமழப்பான முனையை விட்டு மேலிருந்து கீழே இழுத்துப் பார். புது வண்டி மாதிரி நூல் பிடித்தாற்போல் வராது. அந்தக் காலத்தில் புதிதாக வந்தபோதே கொஞ்சம் முன்பின்தான். இடமும் வலமும் ஒன்றுபோல் இருந்தால் போதும். மட்டத்தைக் கண்ணால் பார்க்காதே. மெல்லிய துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துத் தடவிப் பார், மேடுபள்ளம் கையில் பேசும். என் ஆசான் பித்தளைப் பாத்திரம் தட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர். கண்ணை மூடிக்கொண்டு தடவுவார், சரியான இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார்.

பள்ளம் அடைக்கிற பசையான பட்டியை வைத்து ஓரம் கட்டலாம் என்று யாராவது சொன்னால் விடாதே. நான் செய்திருக்கிறேன். 1992 மகாமகத்துக்கு முன்னால், மகள் கல்யாணம், அவசரம் என்று ஒருவர் நின்றார். கதவு ஓரத்தில் அரைவிரல் கனத்துக்குப் பட்டி ஏற்றிக் கேப்பை மூடிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். முகூர்த்தத்தன்று பெண் இறங்கிக் கதவைச் சாத்தியதும் ஓரம் பெயர்ந்து பட்டுப்புடவையில் விழுந்தது. அந்த அப்பா என்னைத் திட்டவில்லை. பெயர்ந்த துண்டை மட்டும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். கூலி வாங்காமல் முழுக் கதவையும் திரும்பச் செய்து கொடுத்தேன். இன்னும் அது மனசில் இருக்கிறது. கேப் குறைய வேண்டுமானால் ஓரத்தில் வெல்டிங் கம்பியைப் பற்றவைத்து, அரத்தால் ராவிக்கொண்டு வரணும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பெயின்ட் தேதியைத் தள்ளிப்போடு. வியாழக்கிழமை ஜனசதாப்தியில் டிக்கெட் போட்டுவிட்டேன். சுத்தியலும், தகட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டையான டோலியும் என் பையில் வருகின்றன. அம்மா முறுக்கு சுற்றிக்கொண்டிருக்கிறாள். அதுவரை கயிற்றால் அளந்து, நாலு வாசலின் கணக்கையும் ஒரு தாளில் எழுதி வை.

அன்புடன்,
அப்பா