அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை

போதை மறுவாழ்வு மையங்களை நடத்துபவர்களுக்கும் அங்கே வேலை செய்யும் ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வளர்ந்தவள் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு விடியற்காலை, கீழே சமவெளியிலிருந்து வந்த ஒரு மறுவாழ்வு மையத்து வேனில் நான்கு பேர் என் அண்ணனைத் தூக்கி ஏற்றினார்கள். முந்தின இரவுக் குடி அவருக்கு இன்னும் தெளியவில்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த மூன்று தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான். யாரும் படித்துக் காட்டவில்லை. "நீங்க போட்டா போதும்மா" என்றார் வந்தவர்.

போதாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கோளாறுகளையும் தனக்குள் கொண்டுவருகிறது. கட்டாயமோ மிரட்டலோ ஏமாற்றோ இல்லாமல், நன்மை, ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் சிகிச்சை பெறுபவருக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகு அவர் தருவதுதான் சம்மதம் என்கிறது. அவரால் முடிவெடுக்கவே முடியாத நிலை என்றால், மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பரிசோதித்த பிறகே சேர்க்கலாம். அதுவும் முதலில் 30 நாள் வரைக்கும்தான். எங்கள் வாசலுக்கு மருத்துவர் யாரும் வரவில்லை.

வீட்டுக்காரர்கள் எந்த நிலைமையில் உங்களிடம் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணி பல மாதம் சரியாகத் தூங்கவில்லை, கம்மலும் அடகுக்குப் போயிருந்தது. அந்தப் பயத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் போட்டிருப்பேன். அதனால்தான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

திரும்பி வந்தபோது ஒரு மாத்திரை கொடுத்துவிட்டார்கள். அண்ணனுக்குத் தெரியாமல் குழம்பில் பொடித்துப் போடச் சொன்னார்கள். அது டைசல்ஃபிராம், குடியை விடுவதற்குத் தரும் மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும்; உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆனாலும் அந்த விளைவு வரக்கூடும். தெரிந்து சாப்பிடுகிறவருக்கு அது துணை. தெரியாமல் சாப்பிட்ட அண்ணன், சம்பள நாளன்று குடித்துவிட்டுத் தேயிலைச் செடிக்கு நடுவே விழுந்து கிடந்தார். குழம்பில் போட்டது யார் என்று தெரிந்த பிறகு வெகுநாள் அண்ணி கையால் அவர் சாப்பிடவில்லை.

குடியை நிறுத்திய முதல் சில நாளில் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். முதலில் மருத்துவரை வைத்து அதைக் கவனியுங்கள். அந்த நேரத்துத் தலையாட்டலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். தெளிந்த பிறகு உட்கார வைத்து மறுபடி கேளுங்கள். எங்கள் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடி மக்களின் வீடுகளும் இருக்கின்றன. அங்கிருந்து வருகிறவருக்குத் தமிழ்ப் படிவமும் போதாது. வாயால் சொல்லி, புரிந்ததை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் என்ன வழி இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஆலோசனையில் அவர் சொன்னதை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லாதீர்கள். அண்ணன் அழுதுகொண்டே சொன்ன ஒரு விஷயம் அவருக்கு முன்னாலேயே லைனுக்கு வந்து சேர்ந்தது. ஒரு சுவர்தான் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில். அதற்குப் பிறகு எந்த ஆலோசகரிடமும் அவர் வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் தானாகவே ஒரு மருத்துவரைப் பார்க்கலாம் என்றார். போவதற்கு முன் ஒன்று கேட்டார்: "அன்னைக்கு என் பேர்ல என்ன எழுதியிருந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை. தன் மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு. எங்களுக்கு அந்த மூன்று தாளின் நகல் வேண்டும். இந்த முறை நான் தமிழில் படித்துச் சொல்கிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து.

இப்படிக்கு,
அன்று கையெழுத்துப் போட்ட தங்கை