அம்மாவின் சுக்கான்

பாம்பன்,
மே 18, 2025

அன்புள்ள தனம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கின்றன. நாட்டுப்படகில் வரும் மீனுக்குத்தான் அடிதடி. சந்தியாகப்பர் திருவிழாவில் பார்த்த பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குத் திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. எங்கள் கருவாட்டின் ‘சுக்கான்’ என்ற பெயரை ஒரு வியாபாரி தன்னுடையதாக்கிக்கொள்ளப் பார்க்கிறார்.

பொங்கல் கழிந்த சமயத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். பல வருடங்களாக எங்களிடம் வாங்குகிறவர். “நெத்திலியைக் கழுவக் கழுவ மணல் வருகிறதே, உங்கள் அம்மா கைப்பக்குவம் என்ன ஆயிற்று?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் அம்மா மீனை மணலில் போட்டு நீ பார்த்திருக்கிறாயா? கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல்தானே காயவைப்பாள்? நாம் சின்ன வயதில் அந்தப் பரணுக்கு அடியில் ஓடினால்கூடப் புழுதி பறக்கும் என்று விளக்குமாற்றோடு துரத்துவாளே!

அந்தப் பாக்கெட்டை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். எங்களுடைய அதே மஞ்சள் நிறம். அதே இடத்தில் படகைத் திருப்புகிற சுக்கானின் படம். பெயர் மட்டும் ‘சுக்கானி கருவாடு’ என்று ஒரு எழுத்து மாறியிருந்தது. ஆனால் படத்தை வரைந்தவர் கடல் பார்க்காதவர். சுக்கானின் கைப்பிடியைத் தண்ணீருக்குள் இருக்க வேண்டிய பக்கத்தில் வரைந்திருக்கிறார். பாக்கெட்டின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல். அம்மா அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

ராமநாதபுரத்தில் நம் கணக்கு வாத்தியார் மருமகன் வக்கீலாக இருக்கிறார் அல்லவா, அவரிடம் போனேன். வியாபாரப் பெயர்களையும் அடையாளங்களையும் பதிகிற டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எழுத்து மாறியிருந்தாலும் ஒலி ஒத்திருக்கிற பெயர்களைக் காட்டுகிற தேடலும் அதில் இருக்கிறது. தேடினார். அந்த வியாபாரி ‘சுக்கானி’க்கு ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தார். எங்கள் விண்ணப்பத்தையும் உடனே போட்டோம். சில வாரங்களில் பதிவகத்திலிருந்து ஆய்வு அறிக்கை வந்தது. டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 11-இன் கீழ், உங்கள் பெயரைப் போலவே ஒரு பெயர் முன்னால் விண்ணப்பத்தில் இருக்கிறது என்று அவருடைய பெயரையே எங்களுக்கு எதிராகக் காட்டியிருந்தார்கள்! திருடினவர் முதலில் வரிசையில் நின்றுவிட்டார், அதனால் வீட்டுக்காரி பின்னால் நில் என்பது போல இருந்தது எனக்கு.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தில், முதலில் விண்ணப்பித்தவர் என்பதைவிட முதலில் பயன்படுத்தியவர் என்பதற்கு மதிப்பு அதிகம். பிரிவு 34 அதைச் சொல்கிறது: ஒருவர் பதிவு செய்துவிட்டாலும், அவருக்கு முன்பிருந்தே அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவரை அவர் தடுக்க முடியாது. அந்த வியாபாரி தன் விண்ணப்பத்தில் ‘இனிமேல் பயன்படுத்த இருக்கிறேன்’ என்றுதான் எழுதியிருக்கிறார். நாங்களோ ஆண்டுக்கணக்காக விற்கிறோம். ஆனால் வாயால் சொன்னால் போதாது, பிரமாணப் பத்திரத்தோடு ஆதாரம் வேண்டும். ஆய்வு அறிக்கைக்கு ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

ஆதாரத்துக்கு எங்கே போவேன் என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது அம்மா பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கச் சொன்னாள். தனம், நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். உப்பு வாங்கிய சீட்டு, பஸ்ஸில் பார்சல் போட்ட ரசீது, ஐஸ் கம்பெனிச் சீட்டு, எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகக் கம்பியில் குத்தி, கம்பியை வளைத்து, துணி சுற்றி வைத்திருக்கிறாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள்! பரமக்குடி அச்சகத்தில் முதன்முதலில் லேபிள் அடித்த பில் 2009-ஆம் ஆண்டு தேதியோடு கிடைத்தது. ‘சுக்கான் லேபிள் 1000’ என்று அதில் மையால் எழுதியிருக்கிறது. உப்புக் காற்றில் ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது, எழுத்து மட்டும் அழியவில்லை.

பற்று நோட்டைப் புரட்டியபோது இன்னொன்று கிடைத்தது. அந்த வியாபாரி நான்கைந்து வருடங்களுக்கு முன் எங்களிடமே மொத்தமாக வாங்கி விற்றவர். ‘சுக்கான் சீலா, சுக்கான் நெத்திலி’ என்று அம்மா எழுதிய வரிகளுக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெயர் தெரிந்தேதான் எடுத்திருக்கிறார் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? வக்கீல் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு வல்லத்தை விற்றோம். சுக்கானை மட்டும் கொடுக்க மனம் வராமல் திண்ணையில் சாத்திவைத்தார். ‘சுக்கான் சாத்தின வீட்டில் கருவாடு நல்லா இருக்கும்’ என்று வாங்க வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி உண்டான பெயர். நாங்கள் யோசித்து வைத்ததுகூட இல்லை. ஊர் கொடுத்த பெயரை இன்னொருவர் மணல் மூட்டையில் ஒட்டி விற்றால் எப்படிப் பொறுப்பது? அம்மா வெயிலில் பட்ட பாடெல்லாம் அந்தப் பெயரில்தானே சேர்ந்திருக்கிறது?

இப்போதைய நிலவரம் இதுதான். எங்கள் பதிலைக் கொடுத்துவிட்டோம். அவருடைய விண்ணப்பம் பதிவகம் வெளியிடுகிற டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகிவிட்டது. வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபணை போடலாம். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். ஆன்லைனில் 2,700 ரூபாய் கட்டி ஆட்சேபணை போட்டுவிட்டோம். அதன் நகல் அவருக்குக் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் அவர் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும், இல்லையென்றால் அவர் விண்ணப்பம் தானாக விழுந்துவிடும். சண்டைக்கு வந்தால் பிரமாணப் பத்திரங்கள், பிறகு விசாரணை என்று நீளும். நீளட்டும். நான் விடப்போவதில்லை.

சரி, இப்போது உன் கருப்பட்டி வியாபாரத்துக்கு வருகிறேன். ‘எங்களிடம் எல்லாப் பதிவும் இருக்கிறது’ என்று திருவிழாவில் பெருமையாகச் சொன்னாயே, என்னென்ன இருக்கிறது? ஜிஎஸ்டி எண், உணவுப் பாதுகாப்புப் பதிவு, சிறுதொழிலுக்கான உத்யம் சான்றிதழ். அதில் ஒன்றுகூட உன் பெயரை உனக்குச் சொந்தமாக்காது. கருப்பட்டி செய்யவும் விற்கவும் வரி கட்டவும்தான் அவை.

இன்னொன்று, இதைக் கோபப்படாமல் கேள். நீ அனுப்பிய பாக்கெட்டில் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் போட்டிருக்கிறீர்கள். உன் வீட்டுக்காரர் அழகுக்காகப் போட்டிருப்பார், அவர் கல்யாணப் பத்திரிகையிலேயே நான்கு வகை எழுத்து வைத்தவர். பதிவாகாத பெயருக்கு அந்த அடையாளம் போடுவது சட்டப்படி குற்றம். அடுத்த அச்சிலிருந்து எடுத்துவிடச் சொல். ‘டிஎம்’ என்று போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

அப்புறம் ‘சாயல்குடி கருப்பட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, அதைப் பதிய முடியாது என்றே வைத்துக்கொள். ஊர் பெயர், பொருள் பெயர், இரண்டும் எல்லோருக்கும் பொது. பிரிவு 9-இல் தடுத்துவிடுவார்கள். நாளைக்கு உன் பக்கத்து விளைக்காரரும் அதே பெயரில் விற்கலாம், நீ கேட்க முடியாது. பொருளோடு சம்பந்தமில்லாத பெயர்தான் பலமானது என்கிறார் வக்கீல். கருவாட்டுக்குச் சுக்கான் அப்படித்தான் அமைந்துவிட்டது. உனக்கு வேறு பெயர் தோன்றாவிட்டால் ஏழாம் வகுப்பில் உன்னை அழைத்த பெயரையே வைத்துவிடு. கணக்கு வாத்தியார் கேள்விப்பட்டால் இந்த வயதிலும் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றுவார்.

முதுகுளத்தூர் அண்ணன் குண்டு மிளகாய்க்குக் கிடைத்ததைச் சொல்லி நீ வாதாடுவாய் என்று தெரியும். ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்ற பெயரில் அதற்கு 2023-இல் கிடைத்தது புவிசார் குறியீடு. அது வேறு சட்டம். அந்தப் பெயர் இந்த மண்ணில் விளைவிக்கிற எல்லோருக்கும் சேர்த்து. அண்ணன் அதில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொள்ளலாம், அவசியம் பதியச் சொல். ஆனால் அண்ணன் மூட்டை எது, அடுத்தவர் மூட்டை எது என்று பிரித்துக் காட்ட அவருக்கும் தனியாக ஒரு டிரேட்மார்க் வேண்டும். டிரேட்மார்க், புவிசார் குறியீடு இரண்டுக்குமான பதிவகங்கள் சென்னை கிண்டியில் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. அங்கே போகத் தேவையில்லை, எல்லாம் ஆன்லைனிலேயே முடிகிறது.

செலவைப் பற்றிப் பயப்படாதே. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 9,000. பொருள்களையும் சேவைகளையும் 45 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் கருவாடு 29-ஆம் வகை, மிளகாய்ப் பொடி 30. இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டினோம். உன் கருப்பட்டி 30-இல் வரும். பதிவானால் விண்ணப்பித்த நாளிலிருந்து பத்து வருடம், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். படத்தை விட்டாலும் பெயரைத் தனிச்சொல்லாகப் பதி. எந்த எழுத்து வடிவத்தில் எவர் எழுதினாலும் அது காக்கும்.

புதிய பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து ராமேஸ்வரம் வருகிற கூட்டம் பெருத்துவிட்டது. திரும்பும்போது கருவாடும் கருப்பட்டியும் கேட்கிறார்கள். வாங்குகிறவர்கள் கூடினால் பெயரைத் தூக்குகிறவர்களும் கூடுவார்கள், அதனால்தான் உன்னை இப்படி விரட்டுகிறேன்.

ஜூன் 14-க்குள் ஒருநாள் வா. படகுகள் கிளம்பிவிட்டால் எனக்குத் தலையெடுக்க நேரமிருக்காது. வரும்போது உங்கள் முதல் லேபிள் அடித்த பில், பழைய ரசீதுகள், கடையைத் திறந்த அன்று எடுத்த போட்டோ எல்லாவற்றையும் கொண்டு வா. வக்கீலிடம் சேர்ந்தே போகலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அவர் கோர்ட்டில் இருப்பார். அம்மாவுக்கு இரண்டு சிப்பம் கருப்பட்டி வேண்டுமாம். காசு வாங்கிக்கொள்வதாக இருந்தால் மட்டும் எடுத்து வா.

அன்புடன்,
பிலோ