கடைசிக் குளத்துப் பச்சைத் தண்ணீர் எங்கள் பாத்திக்கு வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், இப்போது 'நுண்பாசி உரம்' என்று பச்சைத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். இதைத் தெளித்தால் யூரியா மூட்டையே வேண்டாம் என்கிறார் விற்பவர். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வந்த வயதான அம்மாக்கள். மின்கம்பித் தடத்துக்குக் கீழே வெண்டை, மிளகாய், கங்கோங் கீரை போட்டு மருந்துச் செலவுக்குக் காசு பார்க்கிறவர்கள். போத்தலில் இருப்பது என்ன பாசி, உயிரோடு இருக்கிறதா, தழைச்சத்து (நைட்ரஜன்) எவ்வளவு, எதுவும் எழுதியில்லை.

நான் செம்பனை ஆலையில் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். பாசியோடு பழகியவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு டன் செம்பனை எண்ணெய்க்கு இரண்டரை டன்னுக்குக் குறையாமல் கழிவுநீர் வரும். கொதிக்கக் கொதிக்க, கோப்பி நிறத்தில், புளித்துப்போய் வரும். ஆறவிட்டுக் குளம் குளமாக மாற்றுவோம். முதல் குளங்களில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைத் தின்று மீத்தேன் வாயுவைக் குமிழ்விடும். கடைசிக் குளங்களில் வெயில் இறங்கும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்ததும் தானாகவே பச்சை பிடிக்கும். குளோரெல்லா, சினெடெஸ்மஸ் மாதிரியான பாசிகள், யாரும் விதைப்பதில்லை. பகலில் அவை விடும் ஆக்சிஜனை வைத்துத்தான் மற்ற நுண்ணுயிர்கள் மிச்ச அழுக்கைக் கரைக்கும். தண்ணீரில் உள்ள அழுக்கைக் கரைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டும் அளவுதான் பிஓடி. ஆலையிலிருந்து வரும்போது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வாக்கில் இருக்கும் அது, செம்பனை ஆலைகளுக்கான 1977ஆம் ஆண்டு விதிகளின்படி 100க்கு இறங்க வேண்டும். சில இடங்களில் வரம்பு இன்னும் கடுமை. கடைசிக் குளம் நல்ல பச்சையாக இருந்தால் மாதிரி எடுத்து அனுப்பும் அன்று எங்களுக்கு நிம்மதி.

அந்தப் பச்சை வேறொன்றுமில்லை, தண்ணீரில் மிஞ்சிய தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பாசியின் உடம்பாக மாறி நிற்கிறது. தோட்டம் காசு கொடுத்துப் போட்ட உரத்தில் ஒரு பங்கு பழக்குலையோடு ஆலைக்கு வந்து, கழிவுநீரில் கலந்து, கடைசியில் ஆற்றுக்குப் போகிறது. சில தோட்டங்கள் சுத்திகரித்த நீரைத் திரும்பச் செம்பனைக்கே பாய்ச்சுகின்றன. நல்ல காரியம். ஆனால் வேலிக்கு வெளியே இருக்கும் சிறு காய்கறிக்காரர்களுக்கு அதில் ஒரு துளியும் வருவதில்லை.

சரி, பாசி யூரியாவுக்கு ஈடாகுமா? கணக்குப் பார்ப்போம். திறந்த குளத்துத் தண்ணீர் ஒரு லிட்டரை வடித்துக் காயவைத்தால் அரை கிராம் பாசி தேறும். நன்றாக வளர்ந்திருந்தால் ஒரு கிராம். அதில் தழைச்சத்து நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதே அளவு வேண்டுமென்றால் காய்ந்த பாசி கிட்டத்தட்ட 290 கிலோ வேண்டும். லிட்டருக்கு ஒரு கிராம் என்றாலும் அதற்கு 290,000 லிட்டர் குளத்துத் தண்ணீர் வேண்டும். ஒரு போத்தல் மூட்டைக்கு ஈடு என்று அந்த அம்மாக்களிடம் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனாலும் பாசியை நான் கைவிடச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாதி நிலம் பழைய வெள்ளீயச் சுரங்க மணல். போட்ட உரம் அடுத்த மழையிலேயே இறங்கிப் போய்விடும். பாசியில் உள்ள சத்து அது மட்கும்போது மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். பல பாசிகள் சுரக்கும் பசை மண்துகளைப் பிணைத்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். குளோரெல்லா சாற்றில் ஆக்சின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சிப் பொருள்கள் இருக்கின்றன. சரியான அளவில் நீர்த்துக் கொடுத்தால் நாற்றின் வேர் ஓடுவதற்கு உதவும். தொழு உரத்தோடு சேர்ந்து உழைக்கும் துணை என்று பார்த்தால் இது அருமையான பொருள்.

காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது வேறு கூட்டம், நீலப்பச்சைப் பாசி. நெல்வயலில் அது செய்யும் வேலையை இந்திய ஆய்வாளர் பி. கே. டே 1939லேயே எடுத்துக்காட்டினார். இந்தியாவில் ஹெக்டருக்குப் பத்து கிலோ பாசிக் கலவை தூவச் சொல்கிறார்கள்; பருவத்துக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து கிடைக்கும் என்பது கணக்கு. தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்காரர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். குளோரெல்லாவுக்கு அந்தச் சக்தி கிடையாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பச்சையாக இருக்கிறதே என்று பழைய சுரங்கம் விட்டுப்போன ஈயக்குட்டைப் பாசியை வாளியில் அள்ளிக் கீரைக்கு ஊற்றாதீர்கள். பாசி கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நச்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆலைக் குளத்துத் தண்ணீரையும் சோதிக்காமல் யாரும் தொடக்கூடாது.

அதனால்தான் விவசாய இலாகா, விவசாய ஆராய்ச்சிக் கழகமான மார்டி, செம்பனை எண்ணெய் வாரியம் மூன்றையும் கேட்கிறேன். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஏதாவது ஓர் ஆலையின் கடைசிக் குளத்துப் பாசியை எடுத்து, உலோகமும் கிருமியும் சோதித்து, இந்த மணலிலேயே வெண்டையும் மிளகாயும் போட்டுப் பாருங்கள். ஒரு பாத்தி தொழு உரம் மட்டும், பக்கத்துப் பாத்தி தொழு உரத்தோடு பாசி, இன்னொன்று வழக்கமான உரம். மூன்றின் மகசூலையும் எடை போட்டு, மலாயோடு தமிழிலும் அறிவியுங்கள். பாசிப் போத்தல் விற்கிறவர்கள் பாசியின் பெயர், சத்தின் அளவு, காலாவதித் தேதி மூன்றையும் எழுதியே தீர வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். சோதனைக்கு இடம் தேடினால் எங்கள் மின்கம்பித் தடத்துப் பாத்திகளைப் பார்க்க வாருங்கள். குளத்து வேலை தெரிந்த பழைய ஆட்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கிறோம். சம்பளம் கேட்காமல் வந்து நிற்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செம்பனை ஆலைத் தொழிலாளி,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்