நீட்டுகிற கையை விடுங்கள், இழுக்கிற கையைப் பிடியுங்கள்

நகராட்சித் தலைவர், ஆணையர், எங்கள் பகுதிக் காவல் நிலைய அதிகாரிகள், தொகுதி எம்எல்ஏ ஆகியோருக்கு வணக்கம்.

எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக மனு கொடுத்தால் அது எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மலைக்கோயில் அடிவாரத்தில் பத்தொன்பது வருஷமாகத் தேங்காய் பழக் கடை வைத்திருக்கிறேன். அடிவாரத்துப் பிச்சைக்காரர் பிரச்சினை பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, நாங்கள் வியாபாரிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு போன வருஷமும் வந்திருக்கும், அதற்கு முந்தின வருஷமும் வந்திருக்கும்.

போன மாதம் ஒரு வழியாக நடவடிக்கை எடுத்தீர்கள். பெரிய மனிதர் ஒருவர் சாமி கும்பிட வருகிறார் என்பதற்காக முந்தின நாள் விடியற்காலை வேன் வந்தது. படிக்கட்டில் படுத்திருந்த ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி.

அந்தப் பாட்டி வாய் திறந்து யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார், போடுகிறவர்கள் போடுவார்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் இந்தத் தெருவுக்கே சில்லறை மாற்றித் தந்தது அவர்தான். சாயங்காலம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கி எண்ணி வைத்திருப்பார், நாங்கள் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வோம். கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. அவர் போன பிறகு எதிர்க்கடைக்காரர் மீதிப் பணத்துக்குப் பதிலாகச் சாக்லேட் கொடுத்து வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

வேனில் ஏற்றுகிற அவசரத்தில் அவருடைய மூட்டையை எடுக்க விடவில்லை. அது இப்போது என் கடையில் இருக்கிறது. ஒரு தூக்குவாளி, இரண்டு சேலை, ஒரு பக்கக் கண்ணாடி கீறிய மூக்குக் கண்ணாடி, அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. சர்க்கரை மாத்திரை அட்டையில் இன்னும் ஐந்து மாத்திரை இருக்கிறது. அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். காவல் நிலையத்தில் நகராட்சி வேன்தான் வந்தது, அங்கே கேளுங்கள் என்றார்கள். நகராட்சியில் அது சமூக நலத் துறை என்றார்கள். அந்த அலுவலகத்தில் ஒரு தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெயர், தகப்பனார் பெயர், ஆதார் எண் மூன்றும் இருந்தால் பார்த்துச் சொல்கிறேன் என்றார். இத்தனை வருஷமாக அவரை எல்லாரும் பாட்டி என்றுதான் கூப்பிட்டோம், பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாதது எங்கள் தப்புத்தான். ஆனால் ஏற்றிக்கொண்டு போனவர்கள் ஒரு நோட்டிலாவது எழுதியிருக்க வேண்டாமா? நான் மாட்டை ஏலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால்கூட ரசீது தருகிறார்கள் ஐயா.

சரி, நாங்கள் யாரைப் பற்றி மனு கொடுத்தோமோ அவர்கள் கதைக்கு வருகிறேன். அவர்கள் நாலைந்து பேர், எல்லாரும் திடகாத்திரமான ஆட்கள். வண்டி பூஜை போட வருகிறவர்களைத்தான் குறி வைப்பார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கி முடிவதற்குள் காரைச் சுற்றி நின்றுகொண்டு ஐந்நூறு கொடு, ஆயிரம் கொடு என்று ஆரம்பிப்பார்கள். பத்து ரூபாய் கொடுத்தால் முகத்தில் விட்டெறிவார்கள். கொடுக்கவில்லை என்றால் புது வண்டி என்றுகூடப் பார்க்காமல் மண்ணை வாரித் தூற்றி, போகிற வழியிலேயே கவிழும் என்று சாபம் விடுவார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வந்தால் இன்னும் மோசம். வேன் வந்த அன்று இவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை, எப்படித்தான் தெரிந்ததோ. மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டார்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கார்க் கதவைச் சாத்தவிடாமல் பிடித்து இழுத்ததில் அந்தப் பெண்ணின் விரல் கதவிடுக்கில் மாட்டி நசுங்கிவிட்டது. ஐஸ் வைத்துக் கட்டிவிட்டது என் மனைவி. போன் பண்ணினோம், வந்த காவலர் எல்லாரையும் ஒரு அதட்டு அதட்டிவிட்டு, பிச்சைக்கார கேஸை வைத்து என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று எங்களையே கேட்டார்.

இது பிச்சைக்கார கேஸே இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. வழி மறிப்பதும் மிரட்டிப் பணம் பறிப்பதும் யார் செய்தாலும் குற்றம், கோட்டு சூட்டுப் போட்டவர் செய்தாலும் குற்றம். ஆனால் நம்மிடம் இருக்கிற தமிழ்நாடு பிச்சை தடுப்புச் சட்டம் 1945ஆம் வருஷத்தது, வெள்ளைக்காரன் இருக்கும்போது போட்டது. பிச்சை எடுப்பதையே குற்றமாக வைத்திருக்கிற சட்டத்துக்குப் பாட்டியும் ஒன்றுதான், கார்க் கதவை இழுக்கிறவனும் ஒன்றுதான். இரண்டு பேரில் யாரை வேனில் ஏற்றுவது சுலபம் என்று பார்த்தால், ஓட முடியாதவரைத்தான் ஏற்றுவார்கள்.

இப்படிச் சட்டம் வைத்திருப்பது சரியா என்று கோர்ட்டுகள் கேட்காமல் இல்லை. டெல்லியில் 1959ஆம் வருஷத்துப் பம்பாய்ப் பிச்சை தடுப்புச் சட்டம் நடப்பில் இருந்தது. பாடிக் காசு கேட்டாலும் பிச்சை, ஜோசியம் சொன்னாலும் பிச்சை, ஒன்றுமே கேட்காமல், பிழைப்புக்கு வழியில்லாதவர் மாதிரித் தெருவில் திரிந்தாலும் பிச்சை. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பத்து வருஷம் வரை அடைத்து வைக்கலாம். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதில் பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை ரத்து செய்துவிட்டு, அடுத்தவரைப் பிச்சை எடுக்க வைத்துச் சம்பாதிக்கிறவர்களைத் தண்டிக்கிற பிரிவை மட்டும் தொடாமல் விட்டது. 2021இல் உச்ச நீதிமன்றமும், பிச்சைக்காரர்களைத் தெருவை விட்டு அகற்றச் சொல்லி உத்தரவு போட முடியாது என்று சொல்லிவிட்டது. அயர்லாந்தில் இன்னும் தெளிவாகவே செய்திருக்கிறார்கள். அங்கே 1847இல், பெரும் பஞ்ச காலத்தில் போட்ட சட்டம் கோர்ட்டில் அடிபட்டது. 2011இல் புதுச் சட்டம் போட்டார்கள். சும்மா கேட்பது குற்றமில்லை, கேட்கும்போது மிரட்டினாலோ தொந்தரவு செய்தாலோ வழியை மறித்தாலோ குற்றம். ஏடிஎம் பக்கத்திலும் கடை வாசலிலும் நிற்கிறவரைத் தள்ளிப் போகச் சொல்லப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. ஆள் வைத்துப் பிச்சை எடுக்க வைக்கிறவனுக்கு ஐந்து வருஷம் வரை. நாங்கள் கேட்பதும் இவ்வளவுதான்.

நம் நாட்டில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் செய்வது வேறு. 2017இல் ஹைதராபாத்தில் ஒரு மாநாட்டுக்கு அமெரிக்க அதிபரின் மகள் வருகிறார் என்று நகரத்தில் இரண்டு மாதம் பிச்சைக்குத் தடை போட்டு, பிடித்தவர்களைச் சிறை வளாகத்து விடுதிகளில் கொண்டுபோய் வைத்தார்கள். இந்தூரில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு படி மேலே போய், பிச்சை போடுகிறவர் மேலேயே வழக்கு. பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்று பெரியவர்கள் சொன்னார்கள், அங்கே பாத்திரத்தையே பிடுங்கிவிட்டார்கள். நம் ஊரிலும் அந்த யோசனை யாருக்காவது வந்தால், கோயில் உண்டியலுக்கு விதிவிலக்கு உண்டா என்பதையும் தெளிவுபடுத்திவிடுங்கள், என் வியாபாரமும் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. பாட்டியின் மூட்டையில் முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்று நாலாக மடித்து இருக்கிறது. பூர்த்தி செய்தது, ஆனால் முகவரிக் கட்டம் காலி. மூன்றாவது படி, செருப்பு ஸ்டாண்ட் அருகில் என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா? மாதம் 1,200 ரூபாய் தருகிறீர்கள், எண்பது வயது ஆகாதவருக்கு அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். அந்த 200 ரூபாய்க்கு என்ன விலைவாசி என்று தெரியவேண்டுமானால் என் கடைக்கு வந்து ஒரு அர்ச்சனைத் தட்டு வாங்கிப் பாருங்கள். அடிவாரத்தில் வளைவு கட்டக் காசு இருந்தது, அந்த வளைவுக்குக் கலர் லைட் போடவும் காசு இருந்தது. வெளியூர்க்காரர்கள் ஒதுங்கக் கட்டிய கழிப்பறைதான் இன்னும் பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் அதற்கும் மூன்று அலுவலகம் ஏற வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எம்எல்ஏ அவர்கள் அந்த 1945 சட்டத்தைச் சட்டசபையில் எழுப்பி, கேட்பதையும் மிரட்டிப் பறிப்பதையும் பிரிக்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் காவல் துறை, கையில் இருக்கிற சாதாரணச் சட்டத்தை வைத்தே வண்டி பூஜை நடக்கிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரே ஒரு காவலரை நிறுத்துங்கள். தொட்டு இழுக்கிறவனைப் பிடியுங்கள். பஸ் ஸ்டாண்டில் எப்போது பார்த்தாலும் தூங்கிக்கொண்டே இருக்கிற கைக்குழந்தையோடு ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள், அதையும் விசாரியுங்கள், குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்தினால் ஐந்து வருஷம் வரை தண்டனை என்று சிறார் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவரை விட்டுவிடுங்கள். ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று எழுதி ஒட்டிவிட்டு, மூட்டையோடு ஏற்றுங்கள்.

அந்த ஆறு பேரும் இப்போது எந்த விடுதியில் இருக்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து சொல்லுங்கள். கடை காலை ஐந்தரைக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குப் பூட்டுகிறோம், யாரை அனுப்பினாலும் மூட்டையைக் கொடுத்துவிடுகிறேன். விலாசம் கொடுத்தால் நானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். இன்னொரு சங்கதி, வேன் வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துச் சில்லறை கேட்டிருந்தார் எதிர்க்கடைக்காரர், பாதிதான் இருந்தது என்று பாட்டி 250 ரூபாயை மறுநாள் தருவதாகச் சொல்லியிருந்தாராம். அது வேண்டாம் என்று அவர் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அடிவாரத்துத் தேங்காய் பழக் கடைக்காரன்