பத்து நாள் படுக்க ஒரு கட்டில் தாருங்கள்

எங்கள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கடந்த கூட்டத்திலும் போதைப்பொருள் பற்றி நீண்ட நேரம் பேசினீர்கள் என்று பத்திரிகையில் படித்தோம். ஐஸ் என்கிற மெதம்பெட்டமினும் ஹெரோயினும் வன்னிக்குள் எப்படி வருகின்றன, எந்த வயதுப் பிள்ளைகள் வரை போய்விட்டன என்பதெல்லாம் எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே நேரே கேட்கிறேன். பழக்கத்தை விட விரும்புகிறவர்கள் வைத்தியரின் மேற்பார்வையில் பத்து நாளாவது தங்குவதற்கு, எங்களுக்குக் கிட்டவாக ஒரு விடுதி வேண்டும்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் செத்துப்போனான். சில மாதங்களுக்கு முன் அவனாகவே, "அம்மா, என்னை எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோ" என்று கேட்டவன். தாய் தோட்டை ஈடு வைத்து ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பனடோலும், வேறு மாவட்டத்துக் கிளினிக்குக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்கள். கிளினிக் நாளுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது.

ஹெரோயினை நிறுத்திய உடம்பு கிழமைக்கணக்கில் காத்திருக்காது. அரை நாளிலேயே தொடங்கிவிடும்: கண்ணாலும் மூக்காலும் தண்ணீர், கால் உளைவு, சத்தி, வயிற்றோட்டம், பொட்டு நித்திரை இல்லை. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். தாய் அறையைப் பூட்டிவிட்டு வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்தார். அவன் காலால் சுவரை உதைக்கும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. மூன்றாம் நாள் யன்னல் கம்பியை வளைத்துக்கொண்டு ஓடிவிட்டான். பிறகென்ன, பொலிஸ், நீதிமன்றம், மறியல்.

மறியலில் தூள் கிடைக்காத காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்தவன் பழைய அளவையே எடுத்தான், மூச்சு நின்றுவிட்டது. இந்த ஆபத்து வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். விடுதலையாகும் நாளில் அவனுக்கோ தாய்க்கோ அதைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

சட்டம் போதாது என்று நாங்கள் சொல்லவில்லை. போதைப்பொருள் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். ஆனால் ஐஸ் எடுத்து நாட்கணக்கில் தூங்காமல், பெற்ற தாயே சோற்றில் நஞ்சு கலக்கிறாள் என்று கத்தி தூக்குகிறவனுக்குச் சட்டப்புத்தகம் விளங்குமா? ஹெரோயினுக்கு மெதடோன் போன்ற மாற்று மருந்தாவது உண்டு. ஐஸுக்கு அதுவும் இல்லை. நித்திரை, சாப்பாடு, மாதக்கணக்கில் பொறுமையாகக் கதைக்க ஓர் உளவளத்துணையாளர், இவ்வளவும்தான் வைத்தியம். பொலிஸ் கூட்டுக்குள் இதில் எது கிடைக்கும்? 1927 என்ற ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்தைச் சுவரொட்டியில் போட்டிருக்கிறீர்கள், நல்லது. சாமம் இரண்டு மணிக்குச் சத்தி எடுக்கிறவனுக்குத் தொலைபேசி சேலைன் ஏற்றாது.

விடுதிக்குக் கட்டடம் இல்லை, நிதி இல்லை என்பீர்கள். சரி. மதுபானசாலைகளுக்கு மட்டும் கட்டடமும் அனுமதியும் எங்கிருந்து வந்தன? 2024இல் அள்ளிக் கொடுத்த அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் நாடாளுமன்றம் வரை போனதே. மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தை மறிக்கத் தெரிந்த வீதிச் சோதனையின் கண்ணில் சின்னப் பக்கெற்றுகள் படுவதில்லை. வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கை நீட்டிச் சத்தியம் வாங்குகிறோம். பதாகைக்கு மட்டும் நிதி எப்போதும் இருக்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. நாங்கள் புதுக் கட்டடம் கேட்கவில்லை. இருக்கும் வைத்தியசாலை ஒன்றில் சில கட்டில்கள், பயிற்சி பெற்ற ஒரு வைத்தியர், தமிழில் பேசும் உளவளத்துணையாளர், மறியலில் இருந்து வருகிறவர்களை முதல் கிழமையிலேயே வீட்டுக்கு வந்து பார்க்க ஒருவர். இதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எடுக்கும் முடிவை எழுத்தில் அறியத்தருமாறு பணிவாகக் கேட்கிறோம். நேரம் ஒதுக்கினால் தாய்மாரும் வந்து பேசத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரக் கிராமமொன்றின் மாதர் சங்கச் செயலாளர்