பாப்பாவுக்கு, சுருளியின் பெட்டியைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

போன வாரம் நீ அனுப்பிய போட்டோவை உன் அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு போனை என் கையில் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் பார்த்தேன். உன் பாம்பு சுருளி நன்றாகத்தான் இருக்கிறாள், தோல் உரித்து இரண்டு நாள் ஆனது போல மினுமினுப்பு. ஆனால் பெட்டிக்குப் பின்னால் ஒரு சன்னல், அதற்குத் திரை இல்லை, வெயில் நேராகக் கண்ணாடியின் மூலையில் விழுந்திருக்கிறது. முன்பெல்லாம் பெட்டி புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், சுவரோரமாக அல்லவா இருந்தது? சரி, ஏதோ மாற்றி வைத்திருப்பாய். அதையெல்லாம் நான் கேட்கவில்லை. பெட்டியை அந்தச் சன்னலை விட்டு நகர்த்து, இன்றைக்கே நகர்த்து, அவ்வளவுதான்.

பூட்டி வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டியும் அதேதான், கார் அளவுகூட இடமில்லாத கார். சூட்டை அளவோடு நிறுத்த தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்பாய். தெர்மோஸ்டாட் ஹீட்டரைத்தான் அணைக்கும் பாப்பா, சூரியனை அணைக்காது. காலையில் 30 காட்டும் பெட்டி, நீ வேலையிலிருந்து வருவதற்குள் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. குளிரைக்கூடப் பாம்பு சில மணி நேரம் தாங்கிக்கொள்ளும். சூடு அப்படி விட்டுவைக்காது.

30 வருஷம் வயரோடு மல்லுக்கட்டியவன் நான், பாம்பைப் பற்றி உனக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அதை வளர்க்க ஆரம்பித்ததிலிருந்து நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், உன்னிடம் சொல்லவில்லை. சுருளி மாதிரி பால் பைத்தான் (ball python) வகை மலைப்பாம்புக்குப் பெட்டியில் ஒரு பக்கம் 31லிருந்து 33 டிகிரி, மறுபக்கம் 25லிருந்து 27, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ளப் பக்கத்துக்கு ஒரு குகை. ஒரே குகை இருந்தால் அது பயத்தில் அங்கேயே கிடக்கும், சூடு கூடினாலும் குறைந்தாலும் வெளியே வராது. இதை எனக்குச் சொன்னதே நீதான். தனக்குப் பாதுகாப்பா, தனக்கு ஏற்ற சூடா என்று இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் நிலையில் அதை விடக்கூடாதுப்பா என்றாய். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது, என் பொண்ணு எவ்வளவு யோசிக்கிறாள் என்று. அதே பொண்ணு மூன்று வாரமாகப் போன் எடுக்காமல் ஒரு போட்டோவை மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, அந்த சென்சார் விஷயம். போன வருஷம், தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டை அளந்து சொல்லும் சென்சார் நழுவித் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கிடந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீரில் கிடக்கும் சென்சார் குளிர்ச்சி என்றுதான் சொல்லும், அதை நம்பி தெர்மோஸ்டாட், பெட்டிக்கு அடியில் இருக்கும் சூடு விரிப்பை, அந்த ஹீட் மேட்டை, விடாமல் எரிய வைக்கும், அதற்குமேல் பாம்பு படுத்திருக்கும். சுட்டால் நகர்ந்துவிடாதா என்றாள் உன் அம்மா. நாம் நகர்ந்துவிடுவோம். பாம்பு அடிவயிறு வெந்துபோகும் வரை அதே இடத்தில் படுத்திருந்த கதைகள் எத்தனையோ இருக்கின்றன. அதனால் சென்சாரைக் கெட்டியாகப் பொருத்து. ஹீட் மேட்டுக்கும் பெட்டியின் அடிக்கும் நடுவில், நகர முடியாதபடி. பெட்டிக்குள்ளே டேப் மட்டும் ஒட்டாதே, செதிலில் ஒட்டிக்கொண்டால் பிரிப்பதற்குள் பாடாகிவிடும். பெட்டியின் அடிப்பக்கம் தரையோடு ஒட்டியிருக்கக் கூடாது, ஹீட் மேட்டுக்குக் கொஞ்சம் காற்று வேண்டும், கால் வைத்துத் தூக்கி வை. ஹீட் மேட் இருக்கும் இடத்தில் பெட்டிக்குள் நார்த்தூளைக் குவிக்காதே. மேலே குளிர்ச்சியாகத் தெரியும், சூடெல்லாம் அடியில் தேங்கும், சுருளி தோண்டிக்கொண்டு போய் நேராக அதன்மேல் படுப்பாள்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்த வட்ட மீட்டரைப் பிடுங்கிப் போட்டுவிடு. அது அலங்காரம். துப்பாக்கி மாதிரி இருக்குமே, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், அதை வைத்து அவள் படுக்கும் இடத்தையே அளந்து பார். மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை. வீட்டில் வேறு யாராவது இருந்தால் மதியம் பார்க்கச் சொல்லலாம். இருக்கிறார்களா?

அடிவயிற்றுச் செதில் சிவந்தோ, பழுப்பாகவோ, கொப்புளமாகவோ தெரிந்தால் எண்ணெய், களிம்பு எதையும் தடவாதே. ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு போ. எப்போது பார்த்தாலும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தால் சூடு அதிகமா என்று முதலில் பார். மூச்சில் விசில் சத்தம், மூக்கில் குமிழி என்றால் எதிர்ப்பக்கம் யோசி, குளிர் பட்டிருக்கலாம். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் சொல்கிறேன். சென்சாரைக் கெட்டியாகப் பொருத்து.

கரண்ட் போனால் பதறாதே. பெட்டியைப் போர்வையால் மூடு, காற்று போக இடம் விட்டு. ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளிப்பக்கம் சாய்த்து வை. அதோடு விட்டுவிடு.

இப்போது எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன் போல. ஆமையைப் பற்றி. உன் ஒன்பதாவது வயதில் இருந்ததே, டப்பு. நீ பள்ளிக்கூட முகாமுக்கு மூன்று நாள் போயிருந்தாய். என்னை நம்பி விட்டுவிட்டுப் போனாய், சீட்டில் எழுதிக்கூட வைத்தாய். இரண்டாம் நாள் காலையில் கொஞ்சம் வெயில் படட்டும் என்று கண்ணாடித் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். அப்போது ஒரு வேலை என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வரும்போது மணி இரண்டு. தண்ணீரில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

உன்னிடம், டப்புவுக்கு ஏதோ நோய் என்று சொன்னேன். அம்மாவுக்கும் அதையேதான் சொன்னேன், இந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் அவளுக்கும் தெரியும். அது போகட்டும். நீ அழுதுகொண்டே, போவதற்கு முந்தின நாள் தண்ணீர் மாற்றாமல் விட்டேன், அதனால்தான் செத்துப்போச்சு என்றாய். நான் உன் தலையைத் தடவி, விடும்மா, என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை, இல்லை, அதை நான் சொல்லவில்லை. எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் எது உடைந்தாலும், எது சரியாகப் போகாவிட்டாலும் 'நான்தான் ஏதோ மறந்துவிட்டேன்' என்றுதான் நீ முதலில் சொல்வாய். பரீட்சையில், வேலையில், அந்த மாடி வீட்டுச் சண்டையில்கூட. கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொட்டிதான் நினைவுக்கு வரும், வாயைத் திறக்க மாட்டேன். இப்போதும் அங்கே ஏதாவது சரியாகப் போகாமல் இருந்து, அதையும் நீ உன் தலையில்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்றால், தண்ணீர் மாற்றாததால் அது சாகவில்லை பாப்பா. வெயிலில் வைத்தது நான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சித்தப்பா வந்துவிட்டுப் போனார், அதே பேச்சுதான். வேறு செய்தி இல்லை.

ஒரு தெர்மோஸ்டாட் வாங்கி வைத்திருக்கிறேன். உன்னுடையது மோசம் என்று இல்லை, உள்ளே கரண்டைப் போட்டு நிறுத்தும் ரிலே என்றைக்காவது ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது, அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதைப் பிளக்கில் செருகி, இதன் வழியாக உன்னுடையதற்குக் கரண்ட் போகிற மாதிரி இணை. உன்னுடையதை விட 2 டிகிரி கூடுதலாக வை. உன்னுடையது ஏமாற்றினால் இது கரண்டை வெட்டிவிடும். இதன் சென்சாரைத் தனியாகப் பொருத்து, இரண்டு சென்சாரையும் சேர்த்துக் கட்டாதே. எப்படி இணைப்பது என்று படம் வரைந்து உள்ளே போட்டிருக்கிறேன்.

பார்சல் கட்டி மேசைமேல் இருக்கிறது. பழைய முகவரியை எழுதினேன், அப்புறம் அதன்மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டேன். எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?

அப்பா